சித்ராவுக்கு விடுபட்ட வரி

வாசகரே, இந்த வாரம் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடுவராக அல்ல. நடுவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் முன்னால் ஒரு மணியும் மதிப்பெண் தாளும் இருக்கும். சாட்சிக்கு அவை தேவையில்லை. கண்ணை மூடாமல் பார்த்தால் போதும்.

பாருங்கள். மந்தைவெளியில் எங்கள் வீட்டின் பின்புறம் ஓர் ஓட்டுக் கொட்டகை. ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஓட்டின் இடுக்குகள் வழியாக மாலை வெயில் காசு காசாகத் தரையில் விழுந்திருக்கிறது. கோரைப் பாய்களில் குழந்தைகள், அவர்களுக்குப் பின்னால் பெற்றோர். மடக்கு நாற்காலியில் என் அம்மா. கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பருத்தித் துணி. அவருக்கு எதிரே பச்சைப் பாவாடை கட்டிய சித்ரா என்ற சிறுமி நிற்கிறாள்.

அம்மா இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து, எதையோ மூடிப் பிடித்தவர் போலக் காதருகே கொண்டுபோகிறார். சற்று நேரம் கேட்கிறார். பிறகு தரையருகே குனிந்து கைகளை மெல்லத் திறக்கிறார். திறந்துவிட்டு என்னைப் பார்க்கிறார்.

அதன் பொருளை நான் சபைக்குச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகப் பேச்சுப் போட்டிகளில் கொடுத்த தலைப்பில் கொடுத்த நொடியில் பேசியவன் நான். அன்று என் வாயில் அதற்கான சொல் இல்லை.

ஏன் இல்லை என்பதைச் சொல்ல, சற்றுப் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

மாடியிலிருந்து கொட்டகைக்கு

இத்தொடரில் இதுவரை என் கோப்பைகளைப் பற்றியே எழுதி வந்தேன். "உங்கள் வீட்டில் வேறு யாரும் பேசவே மாட்டார்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் வீட்டில் என்னைவிட நன்றாகப் பேசியவர் ஒருவர் இருந்தார். அவர் மேடை ஏறியதில்லை.

அம்மா பள்ளி ஆசிரியை. கோடை விடுமுறையில் நானும் அக்காவும் வீட்டை இரண்டாக்கிய ஆண்டொன்றில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்துக் கதை சொல்லத் தொடங்கினார். அப்போது நாங்கள் தியாகராய நகரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். மொட்டைமாடியில் தென்னங்கீற்றுப் பந்தல். கத்திரி வெயிலில் தளம் கொதிக்கும். அலுவலகம் கிளம்பும் முன் அப்பா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். ஈரம் காயும் அந்த மணம்தான் எனக்கு இன்றும் மே மாதத்தின் மணம்.

பிறகு மந்தைவெளிக்கு வந்தோம். வீட்டுக்குப் பின்னால் பழைய அச்சகக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அம்மாவின் கதைநேரம் கோடை முகாமாக அதற்குள் குடியேறியது. அம்மாவுக்குக் கதையும் விளையாட்டும். அக்காவுக்கு ஓவியம், திருமணமாகிப் பெங்களூர் போன பின்பும் மே மாதம் முழுக்க இங்கேதான் இருப்பாள். அப்பா அந்த மாதத்துக்கென்று விடுப்பைச் சேர்த்துவைத்திருப்பார். வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர், நீர்மோர், உப்பு தூவிய வெள்ளரிப் பிஞ்சு, சில நாள் நுங்கு, எல்லாம் அவர் பொறுப்பு. மாதத்தில் ஒரு மாலை எல்லோரும் பஸ் ஏறிப் பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போவோம்.

அந்த ஆண்டுகளில் அடையாறு முழுக்கக் கோடை முகாம்களின் துணிப் பதாகைகள் தொங்கத் தொடங்கியிருந்தன. கராத்தே, கம்ப்யூட்டர், ஆளுமை வளர்ச்சி. எங்கள் வாசலுக்குப் பதாகை கிடையாது. மாடவீதியிலிருந்து வந்த மாமி ஒருவர் அம்மாவிடம் கேட்டார்.

"எங்காத்துக் கொழந்தைக்குக் கடைசில சர்டிபிகேட் உண்டோ?"

"இல்லைங்க மாமி."

"கப்பு, மெடல்?"

"அதுவும் இல்லை. பேர் சொல்லுவேன்."

"பேரா? அதான் நாங்களே வெச்சுட்டோமே!"

மாமி சிரித்துக்கொண்டே போனார். ஆனால் மறுநாள் குழந்தையை அனுப்பிவைத்தார்.

குளியலறைக்குள் ஒளிந்த பெண்

பெயர் சொல்லும் வழக்கம் முதல் ஆண்டிலேயே பிறந்தது. அந்த ஆண்டு அம்மா பரிசு கொடுத்தார். ஓட்டத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, ஓவியத்துக்கு ஒன்று. எதிலும் வெல்லாத ஒரு பெண் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். அவள் அம்மா வந்து அழைத்தும் திறக்கவில்லை.

என் அம்மா கதவுக்கு வெளியே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "மல்லிகா தினமும் வாசல்ல எல்லாருடைய செருப்பையும் ஜோடி சேர்த்து வெச்சா. யாரும் சொல்லல. யாரும் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டா. நான் பாத்தேன்."

தாழ் திறந்தது.

அடுத்த ஆண்டிலிருந்து பரிசு இல்லை. கடைசி நாள், பெயர் நாள். ஒவ்வொரு குழந்தையாக எழுந்து நிற்க, அம்மா பெயரைச் சொல்லி, அதன் பின் ஒரே ஒரு வரி சொல்வார். புகழ்ச்சி கிடையாது. யாரும் பார்க்கவில்லை என்று எண்ணி அந்தக் குழந்தை செய்த ஒரு காரியம் மட்டும். அந்தக் குழந்தைக்கே மறந்துபோன காரியமாகக்கூட அது இருக்கும். கையில் காகிதம் இருக்கக் கூடாது. "எழுதி வெச்சுப் படிச்சா அது அட்டெண்டென்ஸ்" என்பார்.

அந்த ஒரு வரிக்காகக் குழந்தைகள் மாதம் முழுவதும் காத்திருப்பார்கள். நானும் காத்திருந்தவன்தான். கல்லூரிக்குப் போய்ப் போட்டிகள் வந்த பிறகு, மே மாதத்தில் நான் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அரிதாயிற்று.

சமையலறையில் ஒரு விவாதம்

அந்த ஆண்டு முகாம் தொடங்கும்போதே அம்மாவின் குரல் கரகரத்துக் கிடந்தது. "சாக்பீஸ் தூசி" என்று சொல்லித் தள்ளிப்போட்டார். அக்காதான் வற்புறுத்தி அழைத்துப்போனாள். மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. தொண்டையில் கட்டி, குரல்வளையை எடுத்துவிட வேண்டும், காத்திருப்பது நல்லதல்ல. அதன் பிறகு பேச்சு வராது.

அன்று பிற்பகல் சமையலறையில் அப்பா மோர் கடைந்துகொண்டிருந்தார். அம்மா நீர்மோருக்குக் கறிவேப்பிலை கிள்ளிக்கொண்டே சொன்னார்:

"முகாம் முடியட்டும். பேர் சொல்லிட்டு வரேன். இன்னும் கொஞ்ச நாள்தானே."

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்து வாதாடி எனக்குப் பழக்கமில்லை. மூன்று கருத்துகளை முன்வைக்கத் தொடங்கினேன். ஒன்று, நோய் நாள்காட்டி பார்த்து நடப்பதில்லை. இரண்டு, ஒரு நிகழ்ச்சியை இன்னொருவர் நடத்தலாம். ஒருவர் வாழ்க்கையை இன்னொருவர் வாழ முடியாது. மூன்றாவதைச் சொல்லும் முன்பே அம்மா இடைமறித்தார்.

"மைக் முன்னாடி நிக்கிற மாதிரி எங்கிட்ட நிக்காதடா. உக்காரு."

"அம்மா, நான் சொல்றது தப்புன்னா எங்க தப்புன்னு சொல்லுங்க."

"தப்புன்னு யார் சொன்னா? தொண்டை எங்கயும் ஓடிடாதுன்னுதான் சொல்றேன்."

"தொண்டை ஓடாது. கட்டி ஓடும்."

அப்பாவின் மத்து நின்றது. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா என் பக்கம் என்பது அந்தப் பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சரி, அப்ப நாளைக்கே எல்லாரையும் கூப்பிட்டுப் பேர் சொல்லிடுங்க" என்றேன்.

"பாதி மாசத்துலயாடா? பாதிப் பசங்க இன்னும் ஒண்ணுமே பண்ணலையே." சிரிக்க முயன்றார், இருமல்தான் வந்தது. அடங்கிய பின், கரகரத்த குரலில் சொன்னார்: "நீ ஜெயிச்சுட்ட. மணி அடிச்சாச்சு. ஆனா பேர் நீதான் சொல்லணும். மிச்ச நாளும் கொட்டாயில உக்காரு. பசங்களைப் பாரு. பாத்ததை மட்டும் சொல்லு."

ஒப்புக்கொண்டேன். நான் வென்ற விவாதங்களில் கைதட்டல் கேட்காத ஒரே விவாதம் அதுதான்.

மருத்துவமனைக்குப் போன காலையில் அம்மா ஆட்டோவில் ஏறியதும் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பானைக்குத் தெனமும் தண்ணி மாத்துங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அம்மாவின் குரலில் நான் கேட்ட கடைசி வாக்கியம் அது. இன்னும் பெரிய வாக்கியம் ஒன்றைக் கேட்டிருக்கக் கூடாதா என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அம்மாவுக்குப் பெரிய வாக்கியங்களில் நம்பிக்கை இருந்ததில்லை.

பாதி மாதம்

மீதி மாதம் நான் கொட்டகையில் இருந்தேன். அக்கா காலையில் ஓவியம் சொல்லிக்கொடுத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுவாள். கதை நேரம் என்னுடையது. என் கதைகளில் எல்லோரும் நீளமாகப் பேசுவார்கள் என்று குழந்தைகள் குறைபட்டுக்கொண்டார்கள்.

ராயப்பேட்டைத் தையல்காரர் ஒருவரின் மகள் நஸ்ரீன்தான் அவர்களுக்குத் தலைவி. "அண்ணா, டீச்சர் கதையில நரி ரெண்டே வார்த்தைதான் பேசும். அதுலயே பயம் வரும்" என்றாள். ஆட்டோ ஓட்டுநரின் மகன் கார்த்தி அதற்குமேல் போனான்: "உங்க நரி லெக்சர் அடிச்சிக்கினே கீது. கோழி தூங்கிட்ச்சு!"

சித்ரா அப்போது வரவில்லை. அம்மா மருத்துவமனைக்குப் போன அதே வாரம் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. முகாமின் முற்பாதியில் மட்டுமே அவள் இருந்தாள். பிற்பாதியில் மட்டுமே நான் இருந்தேன். அவளை நான் பார்த்ததே இல்லை. அதன் கனம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பெயர் நாளைத் தள்ளிவைத்தோம். அம்மா வீடு திரும்பட்டும் என்று காத்திருந்தோம். பள்ளிகள் திறந்துவிட்டன. அதற்குப் பின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுப் புத்தகப் பைகளின் வாசனையோடு எல்லோரும் மறுபடி வந்தார்கள்.

கைகள் பேசிய மாலை

அம்மா மெலிந்திருந்தார். குழந்தைகள் கழுத்துத் துணியைப் பார்த்தார்கள். பிறகு பார்க்காதது போல் இருந்தார்கள். நான் எழுந்தேன். நான் பார்த்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரியை மனத்தில் செதுக்கி வைத்திருந்தேன். முதலில் கார்த்தி நின்றான்.

"கார்த்தி! வாடிய பயிருக்கு வான்மழையாய், வருங்காலத்தின் வாசலில் நிற்கும் வீரமகன்!"

பெற்றோர் பக்கத்திலிருந்து கைதட்டல். கார்த்தி மட்டும் உட்காரவில்லை.

"இன்னாண்ணா, எலெக்சன்ல நிக்கிறவனுக்குச் சொல்ற மாதிரி சொல்ற? நான் இன்னா பண்ணேன், அத்தச் சொல்லு."

சிரிப்பு எழுந்தது. என் காதுமடல்கள் சுட்டன. அப்போது இரண்டு முறை கை தட்டும் ஓசை. கதை தொடங்கும்முன் அம்மா தட்டும் அதே தட்டு. சபை அடங்கியது.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து கார்த்தியின் முன்னால் வந்தார். பானையைச் சாய்ப்பது போல் ஒரு கை. டம்ளர் பிடித்தது போல் மறு கை. டம்ளரை உதட்டருகே கொண்டுபோய், குடிக்காமல் நிறுத்தி, பக்கத்தில் இல்லாத ஒருவரிடம் நீட்டினார்.

எனக்குப் புரிந்தது. மேடைக் குரல் என்னிடமிருந்து எங்கோ கழன்று விழுந்திருந்தது.

"கார்த்தி, பானையில கடைசித் தண்ணி உனக்குக் கெடச்சது. குடிக்கப் போனவன், பின்னால நின்னவனுக்குக் குடுத்துட்ட."

கார்த்தி அம்மாவைப் பார்த்தான். "அது... அவன் இருமிக்கினு இருந்தான் டீச்சர்" என்று முனகிவிட்டு உட்கார்ந்தான்.

அடுத்து நஸ்ரீன். அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். அருகில் நின்ற அப்பாவின் தலையை இழுத்துத் தம் தோளில் சாய்த்து, அவருடைய இரண்டு காதுகளையும் பொத்தினார். தினமும் மத்தியானம் தண்ணீர் லாரி வந்து நிற்கும் வாசல் பக்கம் பார்த்து முகத்தைச் சுளித்தார். அப்பா வெட்கத்தில் நெளிய, கொட்டகை முழுவதும் சிரித்தது.

"நஸ்ரீன், மத்தியானம் தண்ணி லாரி ஹாரன் அடிக்கும்போது, உன் மேல சாஞ்சு தூங்கின குட்டிப் பொண்ணோட காதைப் பொத்தின."

இப்படியே போயிற்று. அம்மாவின் கைகள் செய்தன; என் வாய் சொன்னது. அம்மா இல்லாத நாட்களின் காரியங்களை நானே கண்டு வைத்திருந்தேன். அவற்றை அலங்காரம் உதிர்த்துச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் அம்மா தலையசைத்தார். அந்தத் தலையசைப்புகளுக்கு ஈடாக என் கோப்பைகளில் எதையும் நான் கொடுப்பேன்.

கடைசியில் சித்ரா எழுந்தாள். முகத்தில் அம்மைத் தழும்புகள் ஆறிக்கொண்டிருந்தன. அம்மா கைகளைக் குவித்தார். காதருகே கொண்டுபோனார். குனிந்து தரையருகே திறந்தார்.

"வண்ணத்துப்பூச்சி பிடிச்சு விட்டியா?" என்றேன். அம்மா தலையை ஆட்டினார், இல்லை.

மறுபடி செய்துகாட்டினார். "கடற்கரையில சங்கு?" இல்லை.

குழந்தைகள் உதவிக்கு வந்தார்கள். "அணில் குஞ்சு!" "பொன்வண்டு!" "வாட்ச்சு!" இல்லை, இல்லை, இல்லை. அம்மாவின் உதடுகள் அசைந்தன, ஓசை வரவில்லை. சித்ராவையே கேட்டேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கு நினைவில்லை. நினைவில்லாத காரியத்தையும் சொல்வதுதானே வழக்கம்!

"பரவாயில்லண்ணா" என்றாள் அவள், என்னைத் தேற்றுவது போல. உட்கார்ந்து பாவாடையை முழங்காலுக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

சிலேட்டில் இரண்டு சொற்கள்

எல்லோரும் போன பிறகு, அம்மா வீட்டில் பயன்படுத்தும் சிலேட்டை எடுத்துவந்து நீட்டினேன். "எழுதுங்கம்மா. நான் அவ வீட்டுக்கே போய்ச் சொல்லிட்டு வரேன்."

அம்மா பல்பத்தை வாங்கினார். பிறகு எழுதினார்: "அடுத்த மே."

சபையில் சொல்ல வேண்டியதைச் சபையில்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்டளை. அடுத்த மே மாதத்துக்குள் தம் கைகளுக்கு இன்னும் தெளிவாகப் பேசக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று எண்ணியிருப்பார். கண்ணாடி முன் நின்று கைகளை அசைத்துப் பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நோய் மீண்டும் வந்தது. மார்கழி முடியும் முன் அம்மா போய்விட்டார்.

காரியங்கள் முடிந்த மாலை அப்பா என்னிடம் சொன்னார்: "நீ அன்னைக்கு வாதாடினது சரிதான்டா. தள்ளிப் போட்டிருந்தா இந்த அரை வருஷமும் கெடச்சிருக்காது." மருத்துவரும் அதையே சொன்னார். இன்று அதே சமையலறையில் நிறுத்தினாலும் அதே கருத்துகளைத்தான் சொல்வேன். அம்மா கேட்டது என்னவோ, தம் சொந்தக் குரலில் ஒரு மாலை. அதற்கு எந்த அணியில் நின்று என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மீண்டும் மே

முகாம் உண்டென்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவும் வரவில்லை, அவளுக்கு அது பிரசவ மாதம். எனக்கு மதுரையில் ஒரு மாநிலப் போட்டி இருந்தது. பெட்டி கட்டி வைத்திருந்தேன்.

மே பிறந்த முதல் திங்கட்கிழமைக் காலை, பின்கட்டில் தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டு எழுந்தேன். அப்பா பானையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எதுக்குப்பா?"

"உங்கம்மா தண்ணி மாத்தச் சொன்னா" என்றார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

சிறிது நேரத்தில் வாசலில் பேச்சுக்குரல். கதவைத் திறந்தேன். கார்த்தி ஒரு தலை உயரம் கூடியிருந்தான். நஸ்ரீன் தன் தம்பியைக் கையில் பிடித்து வந்திருந்தாள். இன்னும் பலர். எல்லோருக்கும் பின்னால், சுவரோரமாகச் சித்ரா.

"இன்னாண்ணா, டைமாச்சே. கேட்டைத் தொறக்கலையா?" என்றான் கார்த்தி.

"டீச்சர் இல்லன்னு தெரியும்ணா" என்றாள் நஸ்ரீன் தாழ்ந்த குரலில். "நீங்க இருக்கீங்கல்ல?"

ஒதுங்கி நின்று வழிவிட்டேன். செருப்புகளைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் பழைய இடங்களிலேயே உட்கார்ந்தார்கள். மடக்கு நாற்காலி மூலையில் மடங்கியபடி சாய்ந்திருந்தது. அதை யாரும் விரிக்கவில்லை. ஈரத் தரையின் மணம் எழுந்தது.

இரண்டு முறை கை தட்டினேன். அம்மாவின் தட்டு போல் இல்லை, ஆனாலும் அடங்கினார்கள். எவ்வளவோ மேடைகளில் எனக்குத் துணைநின்ற குரல் அன்று உடைந்துதான் வந்தது. அதைச் சீர்செய்ய முயலாமல் பேசினேன்.

"சித்ரா, போன வருஷம் உன் பேருக்கு வரி சொல்ல என்னால முடியல. டீச்சர் பாத்தது என்னன்னு இனிமே யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிச்சுச் சொல்றேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இந்த மாசம் நான் எந்தப் போட்டிக்கும் போகல. தெனமும் காலையில அந்தக் கதவுகிட்ட நிப்பேன். உங்க எல்லாரையும் பாப்பேன். கடைசி நாள் கையில காகிதம் இல்லாம நின்னு, ஒருத்தர் விடாம பேர் சொல்லுவேன். முதல் பேரு உன்னோடது."